பெட்ரோல் வாடையும் கேனிஸ்டரும்: பழைய ஃபோர்வீல் வண்டிகளில் எங்களுக்கு நேர்ந்தவை

குன்னூர் ஜிப்சி:

2006 மாடல் மாருதி ஜிப்சி, கார்புரேட்டர் இல்லாமல் இஞ்செக்டர் வழியே பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டி. மேட்டுப்பாளையத்தில் பங்க் குழாய் ‘டக்’ என்று தானாக நின்ற பிறகும், மலையேறப் போகிறோமே என்று வாய் வரை ததும்ப ஊற்றச் சொன்னவன் நான்தான். அதனால்தான் இன்றுவரை உறுத்துகிறது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டிக்குள் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. பர்லியாறில் வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் இஞ்சின் திணறி நின்றது; ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி ஸ்டார்ட் செய்தால்தான் கரும்புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. பம்ப் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, புதிய பம்ப் வாங்கி மாட்டியும் பயனில்லை. மூன்றாம் நாள் வயதான மெக்கானிக் ஒருவர், டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவான கேனிஸ்டரைக் கழற்றி, டீ குடித்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரின் மேல் சாய்த்தார். ஆவி மட்டுமே போக வேண்டிய டப்பாவிலிருந்து அரை டம்ளர் பெட்ரோல் வடிந்தது. அடியில் மிளகுத்தூள் போலக் கரி படிந்திருந்தது. டம்ளரை என் கையில் கொடுத்து, “எத்தன லிட்டர் ஊத்துனீங்க?” என்று மட்டும் கேட்டார்.

வால்பாறைக்காரன்:

எனக்கு நடந்தது இதற்கு நேரெதிர். டேங்க் மூடி தொலைந்துபோய், அளவு பொருந்திய வேறொரு மூடியைப் போட்டிருந்தேன். காற்றை உள்ளே விடும் சிறு வால்வு அதில் இல்லை என்பது எனக்குத் தெரியாது. ஆழியாறிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், இரவு பத்து மணிக்கு, பெட்ரோல் தீர்ந்ததுபோல வண்டி இருமி இருமி நின்றது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திருகியதும், அது ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தது. உடனே அடியில் ‘டொம்’ என்று ஒரு சத்தம். உள்ளுக்கு ஒடுங்கியிருந்த டேங்க் தகடு பழைய நிலைக்குத் திரும்பிய சத்தம் அது. வீட்டுக்கு வந்து தேடியபோது, கேனிஸ்டருக்கு வெளிக்காற்று போகும் குழாயின் வாயில் குளவி செம்மண் கூடு கட்டியிருந்தது. கேனிஸ்டரையே கழற்றி எறிந்துவிட்டு, குழாயைக் கீழே தொங்க விட்டிருக்கிறேன். எல்லோரும் அப்படியே செய்துவிட்டால் நிம்மதி.

சேலம் பழைய வண்டி:

மன்னிக்கவும், வால்பாறை நண்பரின் கடைசி இரண்டு வாக்கியங்களை யாரும் பின்பற்ற வேண்டாம். குற்றம் செய்தது குளவியும் மூடியும், தண்டனை கேனிஸ்டருக்கா? நிறுத்தி வைத்த வண்டியின் டேங்கில் வெயிலுக்கு எழும் ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்கிறது. வண்டி ஓடும்போது, கேனிஸ்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை இஞ்சின் உறிஞ்சி எரிக்கிறது. கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலேயே இது கட்டாயமாகிவிட்டது. குழாயைத் தொங்க விட்டால் அத்தனை ஆவியும் உங்கள் ஷெட்டுக்குள்தான் நிற்கும். இஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் திறந்து கிடக்கும் முனையையாவது அடைத்தீர்களா? அடைக்காவிட்டால் அதன் வழியே கூடுதல் காற்று நுழைந்து, ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

குன்னூர் நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேனிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு பர்ஜ் வால்வைச் சோதிக்காமல் விட்டால் அதே திணறல் திரும்பி வரலாம். வால்வைக் கழற்றி, மின்சாரம் இல்லாத நிலையில் ஊதினால் காற்று போகக் கூடாது; 12 வோல்ட் கொடுத்ததும் ‘க்ளிக்’ என்று திறந்து காற்று போக வேண்டும். கேனிஸ்டரில் டேங்க் பக்கக் குழாய் வழியாக ஊதினால் மற்றக் குழாய்களில் காற்று தடையின்றி வர வேண்டும். வாயால் உறிஞ்சிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் பழைய வண்டிகளில் ஆவிக்கசிவைக் காட்டும் விளக்கு எதுவும் இல்லை, மூக்குதான் மீட்டர்.

என் கதை இரண்டு வரிதான். புகைச் சோதனையில் தேர்ந்து, சான்றிதழோடு வீடு வந்த வண்டி மறுநாள் காலை ஷெட் முழுக்க நாறியது. புகைக்குழாயில் குச்சியை விட்டு எடுக்கும் அந்த அளவீட்டுக்கு டேங்க் பக்கத்துக் கசிவு தெரியவே தெரியாது. டேங்குக்கு மேலே கைக்கு எட்டாத இடத்தில் ஒரு ரப்பர் ஹோஸ், வளைத்துப் பார்த்தால் வறண்ட வயல் போல வெடித்திருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது, எத்தனால் தாங்கும் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள்.

மஸ்கட்வாசி:

ஓமானில் 4,500 சிசி பெட்ரோல் லேண்ட் க்ரூசர் வைத்திருக்கிறேன், தொண்ணூறுகளின் வண்டி. ஜெபல் அக்தர் மலைக்கு ஏறும் வழியில், பிர்கத் அல் மவுஸ் சாவடியில் ஃபோர்வீல் வண்டிகளை மட்டுமே மேலே விடுவார்கள். ஜூலை மாதம், கீழே தாங்க முடியாத வெயில். சுமார் 2,000 மீட்டர் உயரத்துச் சைக் பீடபூமியில் நிறுத்தி இஞ்சினை அணைத்தபோது, பின்னால் இட்லிப் பானை கொதிப்பதுபோலக் களகளவென்று சத்தம் கேட்டது. டேங்குக்குள் பெட்ரோல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால் பெட்ரோல் எளிதில் ஆவியாகும். மைத்துனர் மூடியைத் திறக்கக் கை வைத்துவிட்டார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வண்டிக்காரர்கள் இறங்கி ஓடி வந்தார்கள். ஆறும்வரை ஒரு மணி நேரம் மூடியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அடியில் படுத்துப் பார்த்தால், எப்போதோ ஒரு பணிமனையில் புகைக்குழாய் வேலை பார்த்தவர்கள், குழாய்ச் சூடு டேங்கில் படாமல் தடுக்கும் தகட்டைத் திரும்ப மாட்டவே இல்லை. நான்கு போல்ட் துளைகள் மட்டும் இருந்தன.

வால்பாறைக்காரன்:

சேலம் அண்ணன் இவ்வளவு கோபப்பட வேண்டியதில்லை. எறிந்தேன் என்று எழுதினேனே தவிர, அது ஷெட்டு மூலையில் சாக்குக்கு அடியில்தான் கிடக்கிறது. நீங்கள் சொன்னபடி டேங்க் பக்கக் குழாயில் ஊதிப் பார்த்தேன். முதலில் காற்று வரவில்லை. இரண்டாம் முறை ஊதியபோது இன்னும் ஒரு பிடி செம்மண்ணும், ஒரு செத்த குளவியும் வந்தன.