86-ம் ரோட்டில் இரவில் கார் ஓட்டலாமா? அவசரம், யாராவது சொல்லுங்கள்

புதுடீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ஆசிரியையாக அரிசோனா வந்து ஆறு வாரம் ஆகிறது. சனிக்கிழமை இரவு 9:40-க்கு என் கணவரும் பையனும் டூசான் ஏர்போர்ட்டில் இறங்குகிறார்கள். நான்தான் போய் அழைத்து வரவேண்டும். ஸ்டேட் ரூட் 86 தான் நேர்வழி. பக்கத்து வீட்டுப் பாட்டி, இருட்டின பிறகு அதில் போகாதே என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். ஏன் என்று கேட்டால் சிலுவைக்குறி போடுகிறார். பஸ்ஸும் கிடையாது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. ஓட்டலாமா, கூடாதா?

ஃபீனிக்ஸ்_ரங்கன்:
சகோதரி, இதற்கா பயம்? நான் 2003-ல் மினசோட்டாவில் ஜனவரி மாதம் வந்து இறங்கினேன், கையில் ஒரு ஸ்வெட்டர், காலில் பாட்டா செருப்பு. பஸ் ஸ்டாப்புக்குப் பனியில் இரண்டு மைல் நடை. மூன்று மாதம் பிரெட்டும் ஊறுகாயும்தான். பாலைவனத்தில் ரோடு காலியாகக் கிடக்கும். பாட்டைப் போட்டுக்கொண்டு போய்வாருங்கள்.

கள்ளிப்பழம்:
எந்த ஊர்? என்ன கார்? லைசென்ஸ் வாங்கி எத்தனை நாள்? பையனுக்கு என்ன வயது? இதில் ஒன்றையும் சொல்லாமல் ஓட்டலாமா என்றால் என்ன சொல்வது?

டூசான்_சித்தப்பா:
முதலில் இவர் ஜே-1-ல் வந்ததே தப்பு. முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் போய் இருக்கவேண்டும் என்ற ஹோம் ரெசிடென்சி நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்தீர்களா அம்மா? இருந்தால் ஹெச்-1பி, கிரீன் கார்டு எல்லாம் தள்ளிப்போகும். ஏஜென்ட் சொன்னானா இல்லையா?

புதுடீச்சர்:
சித்தப்பா, அது அப்புறம். ஊர் ஆஹோ. எழுத்தில் அஜோ, இங்கே எல்லோரும் ஆஹோ என்கிறார்கள். கார் 2009 கரோலா, ஊரைவிட்டுப் போன ஒரு டீச்சரிடம் வாங்கினேன். லைசென்ஸ் கிடைத்துப் பதினாறு நாள். இரவில் ஊருக்குள்கூட ஓட்டியதில்லை. பையனுக்கு ஆறு வயது.

கள்ளிப்பழம்:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! ஓட்டாதீர்கள்.

ஃபீனிக்ஸ்_ரங்கன்:
அப்படியானால் 86 வேண்டாம். 85-ம் ரோட்டில் வடக்கே கீலா பெண்ட் ஊருக்குப் போய், ஐ-8 நெடுஞ்சாலையைப் பிடித்து, காஸா கிராண்டே பக்கம் ஐ-10-ல் சேர்ந்தால் டூசான். கீலா பெண்டுக்கு அப்புறம் முழுக்க இன்டர்ஸ்டேட். 86-ல் இருக்கும் எல்லைக் காவல் செக்போஸ்ட் தொல்லையும் இல்லை.

மணல்மேடு:
ரங்கன் அண்ணா, 85-லும் கீலா பெண்டுக்கு முன்னால் பார்டர் பேட்ரோல் செக்போஸ்ட் இருக்கிறது. நாற்பது மைல் வரை கூடுதல் வேறு. இது ஆகஸ்ட் மாதம், பிக்காச்சோ மலைப் பக்கம் ஐ-10-ல் புழுதிப்புயல் கிளம்பினால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கே தெரியாது. ஒருதரம் மாட்டியிருக்கிறேன். ரோட்டைவிட்டு நன்றாக ஒதுங்கி, விளக்கை எல்லாம் அணைத்து, பிரேக்கில் இருந்தும் காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் அதுதான் ரோடு என்று நினைத்துப் பின்னால் வருகிறவன் நம்மேல் ஏறிவிடுவான்.

வெயில்காரி:
பயமுறுத்துவதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். நான் வந்த புதிதில் கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று எந்தக் கடையிலும் கார் தரவில்லை. நாலு மாதம் கண்டவர்கள் காரில் கெஞ்சிக் கெஞ்சிப் போனேன். ஒரு கட்டு கறிவேப்பிலைக்கு ஐம்பது மைல்.

டூசான்_சித்தப்பா:
உங்களுக்காவது ஐம்பது மைலில் கிடைத்தது. நாங்கள் வந்த காலத்தில் கறிவேப்பிலையை ஊரிலிருந்து காயவைத்து ஏரோகிராமுக்குள் மடித்து அனுப்புவார்கள். இப்போது வருகிறவர்களுக்கு எல்லாம் ரெடிமேடாக வேண்டும்.

வெயில்காரி:
ஆரம்பித்துவிட்டார்.

பார்வதி_அக்கா:
கறிவேப்பிலையை விடுங்கள், அந்தப் பெண் அழுதுகொண்டிருக்கிறது. நான் செல்ஸ் பக்கம் வேலை பார்ப்பவள், ஒன்பது வருடமாக 86-ல் போய் வருகிறேன். டீச்சர், நீ சனிக்கிழமை இரவு திரும்பியே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? காலையிலேயே கிளம்பி டூசான் போ. ஏர்போர்ட் பக்கத்தில் ஒரு மோட்டல் ரூம் போடு. ஞாயிறு காலை மூன்று பேருமாகத் திரும்புங்கள். திங்கள்கிழமைதானே பள்ளிக்கூடம்?

பாட்டி சும்மா சொல்லவில்லை. ஆஹோவிலிருந்து பத்து மைலில் வொய் என்று ஊர், அங்கே இடதுபுறம் திரும்பினால் 86. அப்புறம் டூசான் வரை நூற்றிச் சொச்சம் மைல். பெரும்பகுதி இரண்டு லேன்தான், நடுவே தடுப்பு கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது. டொஹோனோ ஓ'ஒடாம் பழங்குடி மக்களின் நிலம் வழியாகப் போகிறது, 28 லட்சம் ஏக்கர். மாடும் குதிரையும் இரவில் ரோட்டுக்கு வரும். கறுப்பு மாட்டுக்குக் கண் மட்டும்தான் மினுங்கும், அதுவும் அது நம்மைத் திரும்பிப் பார்த்தால். பகலில் போகும்போது ஓரத்தில் பார், சிலுவை சிலுவையாக நட்டிருப்பார்கள், பிளாஸ்டிக் பூ, சின்ன சோலார் விளக்கு. ஒவ்வொன்றும் ஒரு விபத்து. பாட்டிக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேரோ.

காலை ஒன்பதுக்கு மேல் கிளம்பு. கிழக்கே போகிறாய், சீக்கிரம் கிளம்பினால் சூரியன் கண்ணில் குத்தும். பிற்பகலுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடு, இந்த மாதத்தில் மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் கட்டும். ரோட்டின் குறுக்கே வாஷ் என்று போர்டு இருக்கும் இடமெல்லாம் நம்மூர்க் காட்டாறு மாதிரி, மணலாகக் கிடக்கும், எங்கோ பெய்த மழையில் திடீரென்று தண்ணீர் வரும். தடுப்பு வைத்திருந்தால் சுற்றிக்கொண்டு இறங்காதே. மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை உன் தலையில் கட்டலாம் என்று இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது.

ஆஹோவிலேயே டேங்க்கை நிரப்பு. ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீர். போன் பல இடத்தில் எடுக்காது, எல்லைப் பக்கம் மெக்சிகோ டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் போட்டுவிடும், ஆகவே மேப்பை முன்னாலேயே இறக்கி வை.

இன்னொன்று. இப்போதே இறங்கிப்போய் நாலு டயரிலும் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நாலு எண் என்ன என்று பார்த்துச் சொல்.

புதுடீச்சர்:
அக்கா, போய்ப் பார்த்தேன். மூன்றில் 2319. பின்பக்கம் இடதில் 0812.

பார்வதி_அக்கா:
அந்த ஒன்று 2012-ம் வருடம் எட்டாவது வாரம் செய்தது. மேலே பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும், இந்த வெயிலில் வேகமாக ஓட்டினால் தோல் உரிகிற மாதிரி உரிந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் மாற்று. மற்ற மூன்றுக்கும் வயதாகிவிட்டது, அடுத்த சம்பளத்தில் மாற்றிவிடு. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பார்.

கள்ளிப்பழம்:
பையனுக்கு பூஸ்டர் சீட் வாங்கிவிடுங்கள். அரிசோனாவில் எட்டு வயதுக்குள், உயரம் நாலடி ஒன்பது அங்குலம் தாண்டாத பிள்ளைகளுக்கு அது சட்டம். டூசானிலேயே வாங்கலாம்.

மணல்மேடு:
திரும்பும்போது இல்லாவிட்டாலும் போகும்போது செக்போஸ்டில் கேட்பார்கள், த்ரீ பாயின்ட்ஸ் என்ற ஊர்ப் பக்கம். பாஸ்போர்ட், ஐ-94 என்ற வருகைப் பதிவு, ஜே-1-க்கான டிஎஸ்-2019 படிவம் எல்லாம் கையில் இருக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பிய வெளிநாட்டவர் ஐ-94 போன்ற பதிவு ஆவணத்தைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. போனில் போட்டோ இருக்கிறது என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. பஸ்ஸே இல்லை என்றீர்களே, 486 என்று சன் ஷட்டில் வேன் ஒன்று ஆஹோவுக்கும் டூசானுக்கும் நடுவே போகும். எந்தெந்த நாள், இடம் இருக்கிறதா என்று முன்னாலேயே போன் செய்து கேளுங்கள்.

டூசான்_சித்தப்பா:
ரூம் எதற்கு அம்மா, எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து இருபது நிமிடம். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன். கறிவேப்பிலைக் கன்றும் ஒன்று தருகிறேன்.

புதுடீச்சர் (திங்கள்கிழமை):
எல்லோருக்கும் நன்றி. ஒரு டயர் மாற்றினேன், 94 டாலர். சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஆயிற்று, ஐம்பது மைல் வேகத்துக்கு மேல் போக எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டேன். கிட் பீக் மலை மேலே வெள்ளை வெள்ளையாகத் தொலைநோக்கிக் கூடங்கள் தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. செக்போஸ்டில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, என் கைதான் நடுங்கியது. சித்தப்பா வீட்டில் சித்தி இட்லி சுட்டுப் போட்டார்கள். ஞாயிறு திரும்பும்போது பையன் சிலுவைகளை எண்ணிக்கொண்டே வந்தான், முப்பத்தொன்றில் தூங்கிவிட்டான்.

கன்றைத் தொட்டியில் வைத்திருக்கிறேன். 108 டிகிரி அடிக்கிறது, வெளியே வைக்கலாமா, வீட்டுக்குள்தானா?

வெயில்காரி:
உள்ளே!

ஃபீனிக்ஸ்_ரங்கன்:
வெளியே வையுங்கள், ஒன்றும் ஆகாது. மினசோட்டாவில் நான்...