புதுப்பிப்பு: வார்ஹாலின் மர்லின் அச்சுகள்

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1964இல் செய்த, நடிகை மர்லின் மன்றோவின் ஓவியம், 2022 மே மாதம் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 19.5 கோடி டாலருக்குப் போனதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "அதே முகம் அச்சாகவும் விற்கிறதே, அதற்கும் அந்த மதிப்பா?" என்று பலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன்.

இல்லை. அது துணியில் செய்த ஓவியம். அச்சுகள் 1967இல் காகிதத்தில் வந்தவை. பத்துப் படங்கள் கொண்ட தொகுப்பு, 250 பிரதிகள், ஒவ்வொரு படமும் 36 அங்குலச் சதுரம். இரண்டுக்கும் மூலம் மன்றோ நடித்த 'நயாகரா' திரைப்படத்தின் விளம்பரப் புகைப்படம்தான்.

அச்சை வாங்குகிறவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தை. பென்சில் கையெழுத்தும் ரப்பர் முத்திரையில் குத்திய எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெயிலில் வெளுத்த வண்ணம், ஓரம் வெட்டிய தாள் என்றால் விலை இறங்கிவிடும். அந்த இளஞ்சிவப்பு மங்கிப்போனதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது.

'சண்டே பி. மார்னிங்' என்ற பதிப்பகத்தின் முத்திரை உள்ளவை வேறு, அவை பின்னாளில் வந்த மறு அச்சுகள். அவற்றின் பின்னால் 'உங்கள் கையெழுத்தை நீங்களே இடுங்கள்' என்றே இருக்கும். சுவரில் மாட்டத் தாராளமாக வாங்கலாம், ஆனால் 1967 அச்சின் விலையைக் கொடுக்காதீர்கள். வார்ஹால் படைப்புகளுக்கான சான்றளிப்புக் குழு 2012இல் கலைக்கப்பட்டுவிட்டது. அதனால் முன்பு யார் யார் கையில் இருந்தது என்பதற்கான பழைய ரசீதுகளைக் கட்டாயம் கேளுங்கள்.