பொண்ணு கவின்கலைக் கல்லூரிக்குப் போகணும்ங்கறா, போர்டு எழுதின அப்பனுக்குப் பயமா இருக்கு

ஆத்தூர் அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு +2 படிக்கிறா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இன்ஜினியரிங் வேணாம், பி.எஃப்.ஏ.ங்கற கவின்கலை டிகிரிதான் படிப்பேன்னு ஒரே பிடியா நிக்கிறா. நான் பதினாலு வயசுல பிரஷ்ஷை கையில எடுத்தவன், நூல் அடிச்சு சாக்பீஸ்ல எழுத்து போட்டு எனாமல்ல நிரப்பி நிழல் குடுத்து ஜவுளிக்கடை போர்டு, கல்யாண மண்டபம், லாரி பின்பக்கம்னு எழுதாத இடமில்ல, பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தா சுத்தி என் கையெழுத்துதான் தெரியும். ஃப்ளெக்ஸ் மெஷின் வந்துச்சு, ரெண்டு மூணு வருஷத்துல எல்லாம் போச்சு. இப்போ ஒரு ஃப்ளெக்ஸ் கடையிலயே ஃப்ரேம் அடிக்கிறேன். அதனால அவ வரையறது பிடிக்காம நான் தடுக்கல, வரைஞ்சு வாழ்ந்தவனுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சதால பயப்படறேன். அந்தப் படிப்புல உண்மையில என்னதான் சொல்லித் தராங்க? சேர்றதுக்கு வைக்கற டெஸ்ட்டுக்கு எப்படி தயார் ஆகணும்? முடிச்சா சோறு கிடைக்குமா? படிச்சவங்க மறைக்காம சொல்லுங்க.

கரித்துண்டு:
அண்ணா, நான் சென்னையில பெயின்டிங் முடிச்சவ. ஈ.வெ.ரா. பெரியார் சாலையில இருக்கற அரசு கவின்கலைக் கல்லூரி, 1850ல அலெக்சாண்டர் ஹன்ட்டர்ங்கற டாக்டர் ஆரம்பிச்சது. பெயின்டிங், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன், டெக்ஸ்டைல், செராமிக், பிரின்ட்மேக்கிங்னு பிரிவுகள் உண்டு, படிப்பு நாலு வருஷம். 2013ல ஆரம்பிச்ச இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச காலேஜ், அதனால உங்க பொண்ணு வாங்கப்போறது முறையான பல்கலைக்கழக டிகிரிதான், அந்தக் கவலை வேணாம்.

என்ன சொல்லித் தராங்கன்னு கேட்டீங்களே, எனக்கு நடந்ததையே சொல்றேன். முதல் வருஷம் கறுப்புத் துணி மேல வாய் உடைஞ்ச ஒரு மண்பானையை வச்சு வரையச் சொன்னாங்க. நான் அரை மணி நேரத்துல முடிச்சுட்டேன், ஸ்கூல்ல எல்லாப் போட்டியிலயும் பரிசு வாங்கினவ ஆச்சே. சார் வந்து பாத்துட்டு, பானைக்கும் துணிக்கும் நடுவுல கோடு போட்டிருக்கியே, அங்க கோடு இருக்கா பாருன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டார். பாத்தா கோடே இல்ல, ஒரு பக்கம் பானை வெளிச்சமா துணி இருட்டா இருக்கு, இன்னொரு பக்கம் பானையோட இருட்டு துணிக்குள்ள போய் கலந்துடுது, எங்க பானை முடியுதுன்னே தெரியல. அதே பானையை மூணு நாள் வரைஞ்சேன், கரியைப் போட்டு விரலால தேச்சு, ரொட்டித் துண்டை உருட்டி ஒத்தி வெளிச்சத்தை எடுத்து. அந்த மூணு நாள்லதான் நான் பாக்கக் கத்துக்கிட்டேன். நாலு வருஷமும் அதேதான், பானைக்குப் பதிலா மனுஷ முகம், மரம், தெரு, அப்புறம் நம்ம மனசுல இருக்கறது.

டெஸ்ட்டுல மார்க்கை விட கைதான் பேசும். பொண்ணு இப்போ ஃபோன்ல நடிகர் படத்தை வச்சுக்கிட்டு கட்டம் போட்டு வரையறாளா? பெரும்பாலும் அப்படித்தான் எல்லாரும் வருவோம். அதை நிறுத்தச் சொல்லுங்க. ஃபோட்டோவுல எல்லாமே ஏற்கனவே தட்டையாயிடுச்சு, அதைப் பாத்து வரையறதுல கண்ணுக்கு வேலையே இல்ல. வீட்ல இருக்கற குடம், செருப்பு, தூங்கற பாட்டி, சந்தை, ஆடு, எல்லாம் நேர்ல பாத்து வரையணும். 4பி பென்சில், ஒரு நோட்டு போதும், தினமும் பத்துப் பதினஞ்சு ஸ்கெட்ச். நாங்க சாயந்திரமானா சென்ட்ரல் ஸ்டேஷன் போயிடுவோம், ரயிலுக்குக் காத்திருந்து மூட்டை மேல சாஞ்சு தூங்கறவங்களை வரைவோம், எப்ப எழுந்து போவாங்கன்னு தெரியாது இல்லையா, அதனால கை தானா வேகமாயிடும். சனிக்கிழமைன்னா எழும்பூர் மியூசியம். திருவாலங்காடு நடராஜர் முன்னாடி உக்காந்து அந்தத் தூக்கின காலோட எடையையும் ஊன்றின கால் எப்படித் தாங்குதுன்னு எத்தனை நாள் வரைஞ்சிருப்பேன்னு கணக்கே இல்ல.

இன்னொன்னு அண்ணா, உங்க தொழிலைக் குறைச்சு நினைக்காதீங்க. துறையூர் பக்கம் கீராம்பூர்ல விவசாயக் குடும்பத்துல பிறந்த ஓவியர் ஆதிமூலம் இதே காலேஜ்ல படிச்சவர்தான், அவர் வரைஞ்ச காந்தி கோட்டோவியங்கள் அளவுக்கு தமிழ்ப் புத்தக அட்டைகளுக்கு அவர் எழுதின எழுத்துக்கும் பேர் உண்டு. எழுத்தோட உடம்பு எங்க தடிக்கணும் எங்க மெலியணும்னு உங்க கைக்குத் தெரியும், அதை பொண்ணுக்குச் சொல்லிக் குடுங்க, அது எந்த காலேஜ்லயும் சுலபமா கிடைக்காது.

மெழுகுக்காரன்:
அண்ணே நான் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி, சிற்பம். சென்னை செலவு தாங்காதுன்னா இதையும் யோசிங்க, ஆனா பிரிவுகள் சென்னை அளவுக்கு இல்ல, பெயின்டிங், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன்தான். எனக்கு கும்பகோணம்தான் வாழ்க்கையைக் குடுத்துச்சு, காரணம் பக்கத்துல சாமி சிலை வார்க்கற சுவாமிமலை. லீவு நாள்ல சிலை செய்யற ஒரு ஸ்தபதியோட பட்டறையில போய் உக்காந்துக்குவேன். தேன்மெழுகோட குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேத்துக் காய்ச்சி, சூடு ஆறுறதுக்குள்ள விரல்ல இழுத்து உருவம் பண்ணுவாங்க, மேல காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவச்சு சுட்டா மெழுகு உருகி ஓடிடும், அந்த வெற்றிடத்துல உலோகத்தை ஊத்துவாங்க. அச்சு ஒரு தடவைதான், உடைச்சாத்தான் சிலை வெளிய வரும். காலேஜ்ல மாடர்ன் சிற்பம், இங்க மரபு, ரெண்டும் ஒரே வாரத்துல பாக்கற வாய்ப்பு வேற எங்க கிடைக்கும். இப்போ சொந்தமா சின்ன வார்ப்புப் பட்டறை வச்சிருக்கேன், ஆர்டர் இல்லாத மாசமும் உண்டு, ஆனா இதை விட்டுட்டு வேற எங்கயும் போக மனசு வரல.

விஸ்காம் 2014:
சார், சோறு விஷயத்துக்கு வரேன், அதை யாரும் நேரா சொல்லல. பெயின்டிங் முடிச்சு படம் வித்து மட்டும் வாழறவங்க எங்க செட்டுல ரெண்டு பேர்தான். மத்தவங்க அனிமேஷன், கேம் கம்பெனி, சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், புத்தக ஓவியம், ஸ்கூல் டீச்சர். அரசுப் பள்ளி வேலையை மட்டும் நம்பி சேக்காதீங்க. 2012ல பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை எடுத்தப்போ ஓவியத்துக்கும் எடுத்தாங்க, ஆரம்பத்துல மாசம் 5,000 ரூபாதான். நான் கேம் ஸ்டூடியோல பேக்ரவுண்ட் வரையறேன், சம்பளம் பரவால்ல, வீட்டு லோன் கட்டறேன். சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க நூறு பேர் வருவாங்க, ஆனா ஒரு தெருவுக்கு மத்தியான வெயில் எப்படி விழும்னு கையில வரைஞ்சு காட்டத் தெரிஞ்சவங்களைத்தான் எங்க டீம்ல தேடறோம், அது எனக்கு காலேஜ்ல வந்தது.

வருமானத்துக்கு ஒரு வேலை, மனசுக்கு ஓவியம்னு வச்சுக்கறதும் புதுசு இல்ல சார். சென்னை காலேஜ் பிரின்சிபாலா இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோட மாணவர்களும் 1966ல ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம்ங்கற ஓவியர் கிராமத்தை ஆரம்பிச்சாங்களே, அதுக்குக் காசு வந்தது பாத்திக் மாதிரி கைவினைப் பொருள் வித்துத்தான். துணியில மெழுகு பூசி சாயம் ஏத்தி வித்துட்டு மிச்ச நேரத்துல படம் வரைஞ்சாங்க.

ஆத்தூர் அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி பொண்ணை பக்கத்துல உக்கார வச்சு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். ஃபோட்டோ பாத்து வரையறதை நிறுத்துன்னு சொன்ன இடத்துல அழுதுட்டா, ஃபைல்ல பாதிக்கு மேல அதுதான். அப்புறம் அவளே அதையெல்லாம் எடுத்து பரண்ல வச்சுட்டா. மிச்சத்தைப் பாத்தப்போ அடியில ஒரு படம் இருந்துச்சு, அவங்க அம்மா வாசப்படியில குந்தி மீன் ஆயுற மாதிரி, பால்பாயிண்ட் பேனாவுல வரைஞ்சது. முகமே சரியா இல்ல, கை மட்டும் அஞ்சாறு தடவை திருப்பித் திருப்பிப் போட்டிருக்கா, காகிதத்துல மீன் தண்ணி பட்ட கறை வேற. ரொம்ப கிறுக்கலா இருக்குப்பா, யாருக்கும் காட்டாதீங்கன்னு மறைக்கிறா. டெஸ்ட்டுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போற ஃபைல்ல இதை வைக்கலாமா?

கரித்துண்டு:
அதைத்தான் முதல் பக்கத்துல வைக்கணும் அண்ணா. கறையைத் தொடச்சுடாதீங்க.