1024 சாம்பிள் தாமதம்

வெள்ளிக்கிழமை

நான் (இரவு 9.12)
சித்தி ஒரே பாட்டை மீண்டும் மீண்டும் பாடிய 14 பதிவுகளையும், அதாவது டேக்குகளையும், இன்று உட்கார்ந்து கேட்டு முடித்தேன். ஒவ்வொன்றிலும் குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. ஒரு டேக்கில் அப்படி இருந்தால் பாடியவர் தவறு என்று விட்டுவிடலாம். பதினான்கிலும் ஒரே அளவு பின்தங்குவது எப்படி என்று விளங்கவில்லை. பதிவு செய்வதற்கு இரண்டு நாள் முன்புதான் இசைப்பதிவு மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்தி (9.15)
கண்ணா, அன்று பாடி முடித்ததும் மாமா திரையைப் பார்த்துவிட்டு, தாளம் தவறுகிறது, வயதாகிவிட்டது என்றார். அன்றிலிருந்து தாளம் தட்டும் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். தவறு என்னுடையது இல்லையென்றால் அதை இந்தக் குழுவிலேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிடு.

மாமா (9.18)
நான் கண்ணால் கண்டதைத்தான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் திரையில் தாளத்தைக் காட்டும் கட்டத்துக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் தள்ளியே நின்றது. என் கீபோர்டு மட்டும் கோட்டின் மீதே இருந்தது.

அத்தான் (9.21)
பாட்டு முடியும் வரை புதிய பதிப்பைத் தொடாதே என்று அன்றே சொன்னேன், மச்சான். இனி நிறுவனத்துக்கு எழுதி என்ன பயன்? அவர்கள் புதுப் பொத்தான்களைச் சேர்ப்பார்களே தவிர, பழைய பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க மாட்டார்கள்.

நான் (9.24)
எழுதியே விட்டேன், அத்தான், அனுப்பவில்லை. இதோ: "உங்கள் புதிய பதிப்பு மிக மோசம். என் பதிவுகள் அனைத்தும் பாழாகிவிட்டன. உடனே சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வேறு மென்பொருளுக்கு மாறிவிடுவேன்." அக்கா, நீ இத்தகைய மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். இது போதுமா?

அக்கா (9.37)
போதாது, தம்பி. என் மேசைக்கு இப்படி ஒன்று வந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? பதிப்பு எண் எது, எந்த இயங்குதளம், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் எது, கணினி ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்துக் கையாள்கிறது என்ற பஃபர் அளவு என்ன என்று நான்கு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவேன். கோபத்தில் இருப்பவர் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. முறையீடு அப்படியே கிடந்து மூடப்படும். உன் வரிகளில் கோபம் தெரிகிறது, ஆனால் என் கணினியில் அதே பிழையை நான் வரவழைத்துப் பார்க்க ஒரு வழியும் தெரியவில்லை. வரவழைக்க முடியாத பிழையை யாராலும் திருத்த முடியாது. நாளை காலையில் ஒரு கேபிளை எடுத்து வை, சொல்கிறேன்.

சனிக்கிழமை

அக்கா (காலை 10.05)
இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து அதன் இன்புட்டுக்கே கேபிளைச் செருகு. ஒரு டிராக்கில் (ஓர் ஒலியைத் தனியாக வைக்கும் வரிசை) மெட்ரோனோம் போன்ற கூர்மையான ஒலியை வைத்து ஓடவிட்டு, அது கேபிள் வழியாகச் சுற்றி வருவதை இன்னொரு டிராக்கில் பதிவு செய். மென்பொருள் ஒழுங்காக இருந்தால், வெளியே போய் உள்ளே வர ஆகும் நேரத்தை இன்டர்ஃபேஸை இயக்கும் டிரைவர் நிரலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பதிவானதை அந்த அளவு முன்னால் நகர்த்தி வைக்கும். இரண்டு ஒலிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். நிற்கவில்லையென்றால் இடைவெளியை மில்லிநொடியில் அளக்காதே, சாம்பிள் எண்ணிக்கையில், அதாவது கணினி ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து வைக்கும் துளிகளில், அள. பஃபரை 256, 512, 1024 என்று மாற்றி மூன்று முறை செய். பழைய பதிப்பின் நிறுவல் கோப்பு இருந்தால் அதிலும் இதையே செய்.

நான் (முற்பகல் 11.48)
செய்துவிட்டேன். பழைய பதிப்பில் மூன்று பஃபர் அளவுகளிலும் இடைவெளி 3 சாம்பிள்தான். புதிய பதிப்பில் 256-க்கு 259, 512-க்கு 515, 1024-க்கு 1027.

அக்கா (11.55)
எவ்வளவு அழகான எண்கள்! அந்த 3 சாம்பிள் உன் இன்டர்ஃபேஸ் சொல்ல மறந்த சிறு தாமதம். நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் அது 0.06 மில்லிநொடி, யார் காதுக்கும் எட்டாது. அதைக் கழித்தால் மிஞ்சுவது 256, 512, 1024. அதாவது துல்லியமாக ஒரு பஃபர். பிழை பஃபரோடு சேர்ந்து வளர்வதால் கேபிளையோ இன்டர்ஃபேஸையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. அவற்றின் தாமதம் பஃபரை மாற்றினாலும் அப்படியே இருக்கும். மென்பொருள் எங்கோ ஒரு பஃபரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. புதிய பதிப்பில் என்னென்ன வசதிகள் சேர்ந்தன என்று அதன் மாற்றக் குறிப்பைப் படித்துச் சொல்.

நான் (பிற்பகல் 12.10)
பதிவுக்குத் தயாராக இல்லாத டிராக்குகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக் கணினியின் சுமையைக் குறைக்கும் வசதி ஒன்று சேர்ந்திருக்கிறது. நிறுவியதும் அது தானாகவே இயங்கத் தொடங்குகிறது. அதை அணைத்துவிட்டு அளந்தேன்: மூன்று அளவுகளிலும் மீண்டும் 3 சாம்பிள்.

அக்கா (12.13)
பிழை அகப்பட்டுவிட்டது.

அத்தான் (12.20)
சித்தி பதிவு செய்தபோதும் பஃபர் 1024-தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? 1024 சாம்பிள் என்றால் 21 மில்லிநொடிக்கு மேல். பாடும்போதே அவர் குரல் அவருக்குத் தாமதமாகக் கேட்டிருக்குமே.

நான் (12.26)
கேட்டிருக்காது, அத்தான். அவர் குரல் கணினிக்குள் போய்த் திரும்பவில்லை. இன்டர்ஃபேஸிலிருந்தே நேராக அவருடைய ஹெட்போனுக்குப் போயிற்று. பாட்டில் பிளக்-இன்கள் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்கள்) அதிகம் என்பதால், கணினி திணறாமலிருக்கப் பஃபரை உயர்த்தி வைத்திருந்தேன் என்பது நினைவில் இருக்கிறது. ஆனாலும் நினைவை நம்பி எழுத வேண்டாம் என்று, முதல் டேக்கில் சித்தி பாடத் தொடங்குவதற்கு முந்தைய இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹெட்போனிலிருந்து மைக்குக்குக் கசிந்த மெட்ரோனோம் ஒலி மெல்லியதாக அங்கே பதிவாகியிருக்கிறது. அது தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 1055 சாம்பிள் பின்னால் நிற்கிறது.

அக்கா (12.31)
1027 போக மிச்சம் 28. ஹெட்போனுக்கும் மைக்குக்கும் இடையே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இருந்தால், ஒலி அதைக் கடக்க அவ்வளவு நேரம்தான் ஆகும். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சித்தி (12.40)
எனக்குக் கணக்கு முழுவதும் புரியவில்லை. ஆனால் என் பதிவில் மெட்ரோனோமே தாளத்துக்குப் பின்னால் விழுகிறது என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது. மெட்ரோனோமுக்கும் வயதாகிவிட்டதா என்று மாமாவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

மாமா (12.52)
என் கீபோர்டு மட்டும் ஏன் சரியாக நின்றது என்பதற்கும் பதில் வேண்டும்.

அக்கா (12.58)
நீங்கள் வாசித்தது ஒலியாகப் பதிவாகவில்லை, மாமா. எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு வேகத்தில் அழுத்தினீர்கள் என்ற மிடிக் குறிப்பாகப் பதிவாயிற்று. அது ஆடியோ இன்புட் வழியாக வருவதில்லை, ஆகவே இந்தப் பிழை அதைத் தொடவில்லை. தாளத்தோடு வாசிக்கவும் செய்தீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை.

நான் (பிற்பகல் 3.15)
புதிதாக எழுதியிருக்கிறேன். அக்கா, பார்த்துச் சொல்: "புதிய பதிப்பில், முன்கூட்டியே கணக்கிடும் வசதி இயங்கும்போது, பதிவாகும் ஒலி சரியாக ஒரு பஃபர் அளவு பின்னால் வைக்கப்படுகிறது; வசதியை அணைத்தால் பிழை மறைகிறது; முந்தைய பதிப்பில் இது இல்லை. கேபிளைச் சுற்றிச் செருகி அளந்த எண்களும், வெறும் இரண்டு டிராக்குகள் மட்டும் கொண்ட ப்ராஜெக்ட் கோப்பும் இணைப்பில் உள்ளன." இதற்குக் கீழே பதிப்பு எண், இயங்குதளம், இன்டர்ஃபேஸ், டிரைவர் விவரங்களைச் சேர்த்திருக்கிறேன். கடைசியில், எல்லா டேக்குகளையும் ஒரே அழுத்தில் முன்னால் தள்ள ஒரு பொத்தான் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.

அக்கா (3.40)
முதல் பகுதி மிக நன்று. இரண்டு டிராக் மட்டும் உள்ள கோப்பை அனுப்புவது பொன்னான செயல். 80 டிராக் உள்ள ப்ராஜெக்ட்டை அனுப்பினால், அதிலுள்ள பிளக்-இன்களில் பாதி எங்களிடம் இருக்காது, திறக்கவே முடியாது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடு. பிழையும் கோரிக்கையும் ஒரே கடிதத்தில் வந்தால் இரண்டும் வேறு வேறு ஆட்களிடம் போக வேண்டியிருக்கும், ஒன்று நிச்சயம் தொலைந்துபோகும். அதோடு, நீ பொத்தானைக் கேட்கிறாய். எதைச் செய்ய முடியாமல் தவித்தாய் என்று சொல்லவில்லை. பயனர் தீர்வைக் கொண்டுவந்து நீட்டும்போது அதன் அடியில் இருக்கும் தேவை எங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. "14 டேக்குகளிலிருந்து வரிவரியாக நல்லதைத் தேர்ந்தெடுத்த பிறகு, மூலப் பதிவுகளை நகர்த்தினால் தேர்வுகள் கலைந்துவிடுகின்றன" என்று எழுதிப் பார். அதைப் படிப்பவர் உன் பொத்தானைவிட நல்ல வழியைக் கண்டுபிடிக்கக்கூடும்.

டேக்குகளை ஒப்பிட்டுத் தொகுக்கும் இந்த வேலையே பயனர்கள் ஓயாமல் கேட்டு வந்ததுதான். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் 2021-இல் தன் 11-ஆம் பதிப்பில்தான் அதற்கென ஒரு வழியைத் தந்தது. ரீப்பர் என்ற இன்னொன்றில் முன்பும் டேக்குகளை வைத்து வேலை செய்ய முடிந்தது. ஆனால் 2023-இல் வந்த 7-ஆம் பதிப்பின், ஒரே டிராக்குக்குள் டேக்குகளை அடுக்கிக் காட்டும் டிராக் லேன்களில்தான் அது வசதியாக அமைந்தது. ஒரே தேவைக்கு இருவரும் தந்த விடைகள் வேறு வேறு என்பதைக் கவனி.

அத்தான் (மாலை 4.10)
எல்லாம் சரி, கேட்பவர்களா என்பதுதான் என் ஐயம். பிழையைத் திருத்தியதாகச் சொல்லி அதை அடுத்த கட்டணப் பதிப்பில் வைத்து விற்பார்கள்.

அக்கா (4.32)
அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளை ஒரு முறை வாங்கினால் பின்னால் வரும் பதிப்புகள் இலவசம். ரீப்பரின் உரிமம் இரண்டு பெரும் பதிப்புகளுக்குச் செல்லும். கேட்பார்களா என்பதற்கும் சான்று இருக்கிறது. 2021-இல் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் கைமாறிய கையோடு, பயன்பாட்டுத் தகவல்களைச் சேகரிக்கும் நிரல் ஒன்றைச் சேர்க்கத் திட்டமிட்டது; எதிர்ப்பு எழுந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனிச் சந்தா மட்டும்தான், பிளக்-இன்களைத் தனியாக வாங்க முடியாது என்று அறிவித்தது. சில நாட்களுக்குள்ளேயே பழைய விற்பனை முறையைத் திரும்பக் கொண்டுவந்தது.

அத்தான் (4.41)
நீ சொன்ன இரண்டிலும் மாறியது கொள்கை. ஊரே கூச்சல் போட்டதால் மாறியது. தம்பி ஒருவன் எழுதும் ஒரு கடிதத்துக்கு அந்த வலிமை ஏது?

அக்கா (4.50)
கொள்கையை மாற்றக் கூட்டம் வேண்டும்தான். பிழையைத் திருத்தக் கூட்டம் வேண்டாம், அதை மீண்டும் வரவழைக்கும் ஒரு கோப்பு போதும். "எனக்கும் இதே சிக்கல்" என்று நூறு பேர் எழுதியதைவிட ஒருவர் அனுப்பிய அளவீடு எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. நூறு பேருடைய சிக்கலும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும் என்பதைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

மாமா (மாலை 5.05)
எனக்கும் ஒரு கோரிக்கை உண்டு. மெல்ல வாசிக்கும்போது ஒலியின் ஏற்ற இறக்கம் படிப்படியாகத் தாவுகிறது. இதையும் எழுதலாமா?

அக்கா (5.14)
எழுதலாம், மாமா, ஆனால் முழுப் பழியும் மென்பொருள்மீது இல்லை. 1983-இல் வந்த மிடி முறை, கட்டையை அழுத்தும் வேகத்தை 128 எண்களுக்குள் அடக்குகிறது. 2020-இல் வெளியான மிடி 2.0 அதை 65,536 ஆக்கியது. ஆனால் கீபோர்டும் மென்பொருளும் ஒலிக் கருவியும் மூன்றும் அதைப் பேசினால்தான் பயன். முதலில் உங்கள் கீபோர்டின் அழுத்த அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து, வியாழக்கிழமை

நான் (இரவு 8.20)
பதில் வந்துவிட்டது. அனுப்பிய கோப்பிலேயே பிழை தெரிந்ததாம். அந்த வசதி தனக்கென ஒரு பஃபரைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறது, பதிவின் நேரத்தைக் கணக்கிடும் பகுதிக்கு அதைச் சொல்லவில்லை என்று விளக்கியிருக்கிறார்கள். சோதனைப் பதிப்பு ஒன்றை அனுப்பினார்கள். மூன்று அளவுகளிலும் 3 சாம்பிள். கட்டணம் எதுவும் இல்லை, அத்தான். டேக்குகளைத் தொகுப்பது பற்றிய கோரிக்கைக்கு மட்டும் "பதிவு செய்துகொண்டோம்" என்ற ஒற்றை வரி வந்தது.

அத்தான் (8.26)
அந்த ஒற்றை வரியை நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

நான் (8.31)
சித்தியின் டேக்குகள் அனைத்தையும் 1024 சாம்பிள் முன்னால் நகர்த்தினேன். கேட்டுப் பார்த்தால், தாளம் தவறிய இடம் மொத்தப் பாட்டிலும் இரண்டுதான். அவை இரண்டும் மூச்சு வாங்கிய இடங்கள்.

சித்தி (8.33)
மாற்றக் குறிப்பில் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள்?

நான் (8.35)
"பதிவு நேரப் பிழை திருத்தப்பட்டது." அவ்வளவுதான், சித்தி.

சித்தி (8.36)
இத்தனை நாள் நான் செய்த பயிற்சி நான்கு சொல்லில் முடிந்துவிட்டது. மாமா இன்னும் ஒன்றும் எழுதவில்லையே.

மாமா (8.58)
எழுதுகிறேன். அன்று நான் குரலைக் கேட்கவில்லை. அலைவடிவம் கோட்டைத் தாண்டி நின்றதைப் பார்த்தேன், அவ்வளவுதான். சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பதிவு செய்யும்போது இது என்ன பஃபரில் போகிறது என்பதைத் திரையில் பெரிய எழுத்தில் காட்டச் சொல்லி ஒரு கோரிக்கை எழுத வேண்டும்.

அக்கா (9.02)
மாமா, பெரிய எழுத்து என்பது தீர்வு. தேவையைச் சொல்லுங்கள்.

மாமா (9.05)
கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியவில்லை.