2 ஏக்கரில் இயற்கை விவசாயம்: நீங்கள் ஏன் ஆரம்பித்தீர்கள்?

கோவைக்காரன்: மனைவி ஊரில் 2 ஏக்கர் சும்மா கிடக்கிறது, பையனுக்கு நிலக்கடலை மண்ணுக்குள் விளையும் என்பதே தெரியவில்லை, போய்விடலாமா என்று யோசிக்கிறோம். ஏற்கெனவே போனவர்கள் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள்.

டெல்டா மருமகள்: எங்களுக்கு மாமனாரின் சர்க்கரை, அப்புறம் உரக்கடைக் கடன். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன், திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கினோம், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு. நாங்கள் போட்ட மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய ரகம் 150, 160 நாள் எடுக்கும், பக்கத்து வயலில் அறுவடை முடிந்தும் நம்முடையது நிற்கும், ஊரே சிரித்தது, சிரிக்கட்டும். வைக்கோல் மட்டும் ஏகத்துக்கும் கிடைத்தது.

செம்மண்: ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக்கரைசல், அதற்கு 10 கிலோ சாணம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, கோமியம், ஒரு கைப்பிடி வரப்பு மண். உரச்செலவு குறையும், வேலை குறையாது, களையெடுக்க ஆள் கிடைக்காது. இருவரும் ஒரேயடியாக வேலையை விடாதீர்கள். சரி, சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா?

கோவைக்காரன்: போன சித்திரையில் முழங்கால் அளவுதான்.

செம்மண்: அப்படியென்றால் நெல்லை மறந்துவிட்டு, ஆடிப்பட்டத்தில் கடலை, சோளம் போடுங்கள்.