இசைத் தாளத்தோடு வெட்டிய காட்சிகள் போகப் போக விலகுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். படத்தொகுப்பை அண்மையில்தான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். நிமிடத்துக்கு 128 தட்டுகள் கொண்ட ஓர் இசைத்துணுக்குக்காக, நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் டைம்லைனில் (காட்சிகளை அடுக்கும் தொகுப்புப் பட்டையில்), ஒவ்வொரு காட்சியையும் 12 ஃபிரேம் நீளத்துக்கு நறுக்கி வரிசையாக அடுக்கியிருக்கிறேன். முதல் சில வெட்டுகள் தாளத்தில் கச்சிதமாக விழுகின்றன. பதினைந்து நொடிக்குள் அவை கண்கூடாகப் பின்தங்கிவிடுகின்றன. சரியாக விழும் தொடக்கப் பகுதியும்கூட உயிரற்று, இயந்திரம் வெட்டியதைப் போலவே தெரிகிறது. இவை இரண்டும் ஒரே குறையா, வெவ்வேறா?

பதில் 1:
வெவ்வேறு குறைகள். முதலாவது வெறும் கணக்கு. 60 நொடியை 128ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 0.46875 நொடி, அதாவது ஏறத்தாழ 11.72 ஃபிரேம் வருகிறது. நீங்கள் அதை 12 என்று முழுமையாக்கியதால், தட்டுக்குத் தட்டு கால் ஃபிரேமுக்குச் சற்று அதிகமாகப் பிந்துகிறது. 32 தட்டுகள் முடிய இசைக்குச் சரியாக 15 நொடி, அதாவது 375 ஃபிரேம் போதும். உங்கள் 32 காட்சிகளோ 384 ஃபிரேம் எடுத்துக்கொள்கின்றன. அந்த 9 ஃபிரேம் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்பதால், எவர் கண்ணுக்கும் அது தப்பாது.

ஆகவே நீளத்தை அளந்து அடுக்குவதை விட்டுவிட்டு, இசையை முதலில் டைம்லைனில் வைத்து, அதை ஓடவிட்டபடியே தட்டுகளில் மார்க்கர் (அடையாளக் குறி) இடுங்கள். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகிய தொகுப்பு மென்பொருள்கள் இரண்டிலும் அதற்கு ‘எம்’ விசைதான். விரல் பெரும்பாலும் சற்று முந்தும் அல்லது பிந்தும் என்பதால், பிறகு டைம்லைனில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒலி எழும்பத் தொடங்கும் இடத்துக்கு ஒவ்வொரு மார்க்கரையும் நகர்த்த வேண்டும். அப்போது சில காட்சிகள் 11 ஃபிரேமாகவும் பல 12 ஆகவும் அமையும்; எந்த வெட்டும் அரை ஃபிரேமுக்கு மேல் விலகாது.

பதில் 2:
இரண்டாவது குறையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லாத் தட்டிலும் வெட்டினால், பார்ப்பவர் அடுத்த வெட்டை முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். அதன்பின் எந்த வெட்டுக்கும் எடை இருக்காது. நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்றின் முதல் தட்டில் மட்டும் வெட்டிப் பாருங்கள். ஒரு காட்சியை எட்டுத் தட்டுகள் வரை நிற்கவிட்டு, இசை ஏறும் இடத்தில் மட்டும் வெட்டுகளை நெருக்குங்கள்.

அதைவிடப் பெரிய பலன், வெட்டுக்குப் பதிலாக அசைவைத் தாளத்தில் வைப்பதில் கிடைக்கும். கதவு அறைந்து மூடுவதோ, குதித்தவரின் கால் தரையைத் தொடுவதோ சரியாகத் தட்டில் விழுமாறு காட்சியை உள்ளுக்குள் நகர்த்துங்கள். வெட்டு அதற்குச் சில ஃபிரேம்கள் முன்னரே நடந்துவிடலாம். அப்படி அமைந்தால் வெட்டையே எவரும் கவனிப்பதில்லை. காட்சியின் நீளத்தை மாற்றாமல் உள்ளிருக்கும் பகுதியை மட்டும் நகர்த்தும் ‘ஸ்லிப்’ கருவி இதற்கென்றே இருக்கிறது. புதியவர்கள் அதை ஏனோ தொடுவதே இல்லை.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு இரண்டு எச்சரிக்கைகள். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வரக்கூடும். தாளம் பார்க்கும்போது கம்பியுள்ளதையே பயன்படுத்துங்கள். கைபேசியில் எடுத்த காட்சிகளில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கலாம் என்பதால், ஹேண்ட்பிரேக் போன்ற ஒரு மென்பொருளில் அவற்றை நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகு தொகுக்கத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மேடையில் நேரடியாகப் பதிவான, வேகம் ஏறி இறங்கும் இசைக்கும் மார்க்கர் முறை பொருந்துமா?

பதில் 1:
அங்கே அது மட்டுமே பொருந்தும். கணக்கு அங்கே உதவாது.