தளிப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் பெரியவர்களின் எழுத்தறிவை எப்படிச் சோதிப்பது?

கேள்வி:
கிருஷ்ணகிரி மாவட்டம் தளி ஒன்றியத்தில் வகுப்பு தொடங்கும் முன் யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க வேண்டும். வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம்; கையில் இருப்பது தமிழ் வினாத்தாள். மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதுமா? கையெழுத்து மட்டும் போடுபவர்களை எதில் சேர்ப்பது?

பதில் 1:
கையெழுத்து கணக்கில் வராது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 7 வயதோ அதற்கு மேலோ ஆனவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் வேண்டும். அந்த 'ஏதாவது ஒரு மொழி'தான் இங்கே முக்கியம். முதல் கேள்வியே "எந்த மொழி எழுத்து தெரியும்?" என்றிருக்கட்டும். வாய்ப்பதிலை நம்பாமல் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று எழுத்திலும் தலா ஓர் அட்டை நீட்டுங்கள்.

தமிழ் அட்டையில் 'கொ', 'கே' வரும் சொற்களைக் கவனியுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பது தெலுங்கிலும் கன்னடத்திலும் கிடையாது. மற்றதைப் படித்துவிட்டு அங்கே மட்டும் திணறினால் அவருக்கு வேறு எழுத்து தெரிந்திருக்கலாம். அந்த அட்டையைக் கொடுத்துப் பாருங்கள். இவரையும் எழுத்தே தெரியாதவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் இரண்டு வாரத்தில் ஒருவர் நின்றுவிடுவார்.

'மழை'யை 'மளை' என்றால் மதிப்பெண் வெட்டாதீர்கள். அது உச்சரிப்பு, வாசிப்புப் பிழை அல்ல. படித்த பிறகு கேட்கும் கேள்வி வீட்டு மொழியிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது தமிழ்ப் பேச்சைத்தான்.

பதில் 2:
நேர் மொழிபெயர்ப்பில் எளிய சொல் கடினமாகிவிடும். ஒவ்வொரு மொழிக்கும் 40, 50 சொல்லில் தனிப் பத்தி எழுதுங்கள். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று மொழிக்கு மொழி ஒப்பிடவும் கூடாது: 'வந்துகொண்டிருந்தார்களா' என்பதும் ஒரே சொல்தான்! பத்தி மனப்பாடமா என்ற சந்தேகம் வந்தால் 'மிபூ', 'தகோல்' மாதிரி பொருளற்ற சொற்கள் ஐந்தாறு போதும்.

இன்னொன்று, கண். 40 தாண்டியவர் எழுத்து தெரியாமல் விழிக்கிறாரா, கிட்டப் பார்க்க முடியாமலா? 18 புள்ளி அளவில் அச்சிடுங்கள், பகல் வெளிச்சத்தில் வையுங்கள், படிக்கும் கண்ணாடி இரண்டு மூன்று பவரில் கையில் இருக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி. கணக்கு?

பதில் 1:
வாய்க்கணக்கையும் எழுத்துக்கணக்கையும் பிரித்துப் பாருங்கள். சந்தையில் ராகிக்கு மனக்கணக்கில் மீதி சொல்பவர் '305'ஐ '3005' என்று எழுதுவார். கரண்ட் பில், நூறு நாள் வேலை அட்டை, மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி, இவற்றில் எண் தேடச் சொல்லுங்கள்.

கடைசியில் எழுதப்போவது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத் (பெரியவர்களுக்கான மத்திய அரசுத் திட்டம்) தேர்வு என்றால் அதில் படித்தல், எழுதுதல், எண்ணறிவு ஒவ்வொன்றுக்கும் 50 என மொத்தம் 150 மதிப்பெண். உங்கள் சோதனையிலும் மூன்றையும் தனித்தனியாகவே குறித்து வையுங்கள், கூட்டிப் போடாதீர்கள்.